தீர்ப்புக்கு முந்திய இணக்கம்: ஆக்கவுரிமைப் பிணக்குகளும் கண்டிச் சீமையின் அனுபவமும்

சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தீர்ப்புக்களைக் கொண்டே அதனை எழுதுகின்றனர். தீர்ப்பு எழுத்தில் அமைவது, காரணங்களைக் கூறுவது, அச்சேறிப் பின்வரும் வழக்குகளுக்கு ஆதாரமாவது. தீர்ப்பு வழங்கப்படுமுன் இரு தரப்பாரும் இணங்கிப்போன வழக்கோ நீதிமன்றப் பதிவேட்டில் ஓரிரு வரிகளோடு அடங்கிவிடுகிறது. எத்தொகை கைமாறிற்று, எவர் எதனை விட்டுக்கொடுத்தார், அவ்விட்டுக்கொடுப்பின் சுமை எவர் தலையில் இறங்கிற்று என்பன வெளியுலகம் அறியாதவை. ஆயினும் சொத்துடைமை வர்க்கங்கள் தமக்குள் எழுந்த முரண்பாடுகளைத் தீர்த்துக்கொண்ட முறையினை அறிய விழைவோர், இம்மௌனமான பகுதியையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆக்கவுரிமை பற்றிய பிணக்குகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவற்றைக் கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்கவுரிமை எனப்படுவது (தமிழகத்தார் இதனைக் காப்புரிமை என்பர்), புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவர் அதனை ஊரறிய வெளிப்படுத்துவதற்குக் கைம்மாறாக, குறித்த சில ஆண்டுகளுக்கு அரசு அவருக்கு வழங்கும் ஏகபோகமாகும். இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இதற்குப் பதினைந்து ஆண்டுக் காலத்தை வகுத்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனை இருபது ஆண்டுகளாக்கியது. இவ்வுரிமை காணிக்குரிய உறுதியைப் போன்றதன்று. காணி வழக்கில் இருவர் இணங்கி எல்லையை வகுத்துக்கொண்டால் மூன்றாம் அயலவனுக்கு அதனால் நட்டம் நேர்வது அரிது. ஆக்கவுரிமையோ உலகத்தார் அனைவரையும் விலக்கி நிற்பது. அது தவறாக வழங்கப்பட்டிருப்பின், அதாவது அக்கண்டுபிடிப்பு உண்மையிற் புதியதன்றாயின், அதன் பொருட்டுக் கூடுதல் விலை செலுத்தும் ஒவ்வொருவரும் நியாயமின்றிச் செலுத்துகின்றார். எனவே, மீறல் வழக்கில் எதிராளியாக நிறுத்தப்பட்டு, “இவ்வுரிமையே செல்லாது” என வாதிடுபவர், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், பொதுமக்களின் வழக்கையும் சேர்த்தே பேசுகின்றார். தீர்ப்புக்கு முன் அவர் இணங்கிப்போகும்போது பொதுமக்கள் தம் வழக்குரைஞரை இழந்துவிடுகின்றனர். இணக்கத்தின் மையச் சிக்கல் இதுவேயாகும்.

நமது நாட்டுச் சட்டம் இச்சிக்கலைக் கருத்திற் கொள்ளவில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவு, வழக்கொன்று சட்டபூர்வமான உடன்பாட்டினாலோ சமரசத்தினாலோ முழுமையாக அல்லது பகுதியாகத் தீர்க்கப்பட்டால், அது நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டு அதற்கிணங்கத் தீர்ப்பாணை வழங்கப்படல் வேண்டும் என்கிறது. உடன்பாடு சட்டபூர்வமானதா என்பதற்கு அப்பால், அதனால் வெளியாருக்கு விளைவது யாது என நீதிமன்றம் வினவ வேண்டுமென்று அப்பிரிவு கூறவில்லை. காணிக்கும் கடனுக்கும் பொருந்தும் அளவுகோலே ஏகபோகத்துக்கும் பொருத்தப்படுகிறது.

இதனைக் கொண்டு இணக்கமே தீதென முடிவு செய்தல் பேதைமையாகும். இறுதித் தீர்ப்பை எதிர்பார்த்திருத்தலும் ஒருவகைத் தண்டனையே. ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தின் தனிக் குளிர்கலத்துக்கு 1769இல் ஆக்கவுரிமை பெற்றார். பிரித்தானியப் பாராளுமன்றம் 1775இல் அதனை 1800 வரை நீடித்தது. அவ்வுரிமை செல்லுமோ என்ற வினாவில் 1795இல் நீதிபதிகள் இருவருக்கு இருவராகப் பிரிந்து நின்றனர். 1799இலேயே அது செல்லும் என முடிவாயிற்று. உரிமை முடிவடைய ஓராண்டே இருந்த வேளையில் நீதி வந்து சேர்ந்தது. கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற் பாகத்திலே, வாட் 1784இற் பெற்ற மற்றோர் ஆக்கவுரிமையின் விவரணத்தை எடுத்துக்காட்டி, நீராவி எந்திரத்தைத் தனியொரு தொழிலுக்கன்றிப் பெருந்தொழில் அனைத்துக்கும் பொதுவான இயக்கியாக அவர் கண்டமையே அவரது மேதைமை என்பர். ஆக்கவுரிமைப் பத்திரத்தைச் சமூக வரலாற்று ஆவணமாக வாசிக்கும் மரபு நமக்கு அங்கிருந்தே கிடைக்கின்றது. ஆகவே, இணங்குதல் நன்றோ தீதோ என வினவுவதை விட, இணங்கும் மேசையில் எவர் அமர்ந்திருந்தார், எவர் அமரவில்லை என வினவுதலே பயனுடைத்து.

இவ்வினாவை முதலிற் கண்டி இராச்சியத்தின் நிலமானிய அமைப்பிடம் வைப்போம். அங்கே தொழில்நுட்ப அறிவு தனிச்சொத்தாக இருக்கவில்லை. ஆயினும் அது பொதுச்சொத்தாகவும் இருக்கவில்லை. கொல்லரும் தட்டாரும் கொட்டல்பத்த என்னும் பிரிவின்கீழ் அமைந்தனர். அரசனுக்குரிய சிறந்த கம்மியர் பட்டல்ஹத்தர என்னும் நான்கு பட்டறைகளைச் சார்ந்திருந்தனர். இவர்தம் அறிவு தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கியது. சேவைக்கு ஈடாக நிலம் கிடைத்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் இவ்வமைப்பின் எச்சங்களைக் கண்டிப் பிரதேசத்திலே நேரிற் கண்டு பதிவு செய்தது. குமாரசுவாமி அதனிடத்து ஓர் இழந்த பொற்காலத்தைக் கண்டார். நாம் அதனிடத்துச் சாதி என்னும் வேலியையும் காண்கிறோம். அறிவைக் காத்தது பத்திரமன்று, பிறப்பு.

அக்காலத்துப் பிணக்குத் தீர்க்கும் முறைகளுள் கம்சபாவ குறிப்பிடத்தக்கது. கிராமத்தின் முதன்மையாளர் அம்பலத்திலோ மரநிழலிலோ கூடி எல்லைத் தகராறு, கடன், சிறு களவு முதலியவற்றை இணக்கமாகத் தீர்க்க முயன்றமையை ஜோன் டொயிலி தமது குறிப்புக்களில் விவரித்துள்ளார். அங்கும் சமத்துவம் இருக்கவில்லை. முதன்மையாளர் சொல்லே ஏறியது. ஆயினும் ஓர் இயல்பு மனங்கொள்ளத்தக்கது. இணக்கம் ஊரார் கண்முன் நிகழ்ந்தது. அதனாற் பாதிக்கப்படும் மூன்றாமவன் குரல் கொடுக்க இயலாதவனாயினும், நடப்பதை அறியாதவனாக இருக்கவில்லை.

1815இன் பின்னர் இவ்வமைப்பு சிதைந்தது. கோப்பிப் பெருந்தோட்டம் மலைநாட்டிற் பரவியபோது இயந்திரமும் உடன் வந்தது. 1854இல் ஜோன் வோக்கர் கண்டியிற் பட்டறை அமைத்துக் கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களை ஆக்கலானார். ஐந்து ஆண்டுகளின் பின், 1859இல், கண்டுபிடிப்பாளரின் உரிமையைக் காக்கும் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. இவ்வடுத்தடுத்த நிகழ்வு வெறும் தற்செயலெனக் கொள்ளல் பொருந்தாது. உற்பத்திச் சக்திகள் வளரும்போது அவற்றுக்கேற்ற உடைமை வடிவமும் வேண்டப்படுகிறது. 1906ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வடிவத்தை மேலும் ஒழுங்குபடுத்திற்று.

கோப்பியை 1869 முதல் இலைநோய் அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கண்டிக்கு அண்மையில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் அவரது வீட்டு விறாந்தையில் மேசைகளின்மீது கொழுந்து கையாலேயே உருட்டப்பட்டது. பின்னர் அவர் தாமே ஓர் உருட்டு இயந்திரத்தை அமைத்துக்கொண்டார். அசாமில் வில்லியம் ஜாக்சன் இயற்றிய உருட்டு இயந்திரங்களும், சாமுவேல் டேவிட்சனின் ‘சிரொக்கோ’ உலர்த்திகளும் உலகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளை நிறைத்தன. உருட்டு இயந்திரத்தின் உரிமை பற்றி 1870களிலேயே கின்மண்ட், ஜாக்சன் ஆகியோரிடையே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடைபெற்றது.

ஈண்டு ஓர் உண்மையை அழுத்திக் கூறல் வேண்டும். உருட்டு இயந்திரம் செய்வது யாது? இரு உள்ளங்கைகளுக்கிடையிற் கொழுந்தை வைத்துச் சுழற்றும் மனித அசைவையே அது இரும்பிலும் மரத்திலும் மீளச் செய்கிறது. அவ்வசைவு சீனத்து உழவரிடமிருந்து அசாமுக்கும் இலங்கைக்கும் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தம் கைகளால் அதனைப் பயின்றனர். இயந்திரத்தை ஆக்கியவரின் அறிவு பத்திரத்திற் பதிவாயிற்று. அவ்வியந்திரம் பின்பற்றிய கையின் அறிவு எங்கும் பதிவாகவில்லை. கையின் வழக்கை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இல்லையெனின் அக்கைகளுக்குரியோரின் குரலும் நமக்குக் கேட்டிராது.

அதே காலத்தில் தோட்டத்தில் நிலவிய மற்றொரு சட்டத்தை இதனோடு ஒப்பிடுதல் தகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்படலாம். இந்நிலை 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. தொழிலாளியைக் கடனாற் கட்டிவைத்த துண்டு முறையும் 1921இலேயே ஒழிக்கப்பட்டது. ஓர் இயந்திர உற்பத்தியாளர் மற்றவரது உரிமையை மீறினால் அது குடியியல் வழக்கு. பேரம் பேசலாம், தவணை கேட்கலாம், தொகை கொடுத்து இணங்கலாம். தொழிலாளி தன் உழைப்புச் சக்தியைப் பற்றிய உடன்பாட்டை மீறினால் அது குற்றம். இரண்டும் உடன்பாட்டையும் உடைமையையும் பற்றியனவே. தீர்ப்புக்கு முன் இணங்கும் உரிமை வர்க்கத்தைச் சார்ந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இணக்கத்தின் முழு உருவத்தைக் காட்டும் செவ்விய உதாரணம் அமெரிக்காவிற் கிடைக்கிறது. அது நம் ஊர்த் தையற்கடைகள் வரை நீள்வதாகும். எலியாஸ் ஹோ என்பார் 1846இல் தையல் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஐசாக் சிங்கர் 1851இல் தமது இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஹோ வழக்குத் தொடுக்க, 1854இல் சிங்கரின் கம்பனி பதினையாயிரம் டொலர் கொடுத்து இணங்கிற்று. அதனோடு போர் ஓயவில்லை. சிங்கர், வீலர் அன்ட் வில்சன், குரோவர் அன்ட் பேக்கர் ஆகிய கம்பனிகள் ஒன்றன்மேல் ஒன்று வழக்காடின. எவருடைய உரிமையையும் மீறாது ஒரு நல்ல தையல் இயந்திரத்தை ஆக்க எவராலும் இயலாதிருந்தது. 1856இல் வழக்காடும் பொருட்டு நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரிற் கூடியபோது, குரோவர் அன்ட் பேக்கர் கம்பனியின் தலைவர் ஓர்லாண்டோ பொட்டர் ஒரு யோசனையை முன்வைத்தார். நால்வரது உரிமைகளையும் ஒரே தொகுதியாக்குவோம். பிறர் இயந்திரம் செய்ய வேண்டுமாயின் நமக்குக் கட்டணம் செலுத்தட்டும் என்பதே அது. விசாரணை நடைபெறவில்லை. தீர்ப்பும் வரவில்லை. ‘தையல் இயந்திரக் கூட்டு’ பிறந்தது.

உரிமம் பெற்ற உற்பத்தியாளர் இயந்திரம் ஒன்றுக்குப் பதினைந்து டொலர் செலுத்தினர். 1860இல் அது ஏழு டொலராகக் குறைக்கப்பட்டது. அக்கட்டணத்தின் ஒரு பகுதி, உரிமம் பெறாதோர்மீது வழக்குத் தொடுப்பதற்கென ஒதுக்கப்பட்டது. தமக்கிடையே சமாதானம் செய்துகொண்டோர் பிறர்மீது போர் தொடுக்கப் பிறரிடமே நிதி திரட்டினர் எனின் மிகையாகாது. கடைசி உரிமை காலாவதியான 1877இலேயே கூட்டுக் கலைந்தது. இணக்கத்தின் நற்பயனையும் மறைத்தல் ஆகாது: வழக்குப் போரால் முடங்கியிருந்த தொழில் அதன்பின் பெருகிற்று, உரிமமும் பலருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் அந்த உரிமைகள் யாவும் செல்லத்தக்கனவோ என்ற வினா, அவை அனைத்தையும் ஒருங்கே எடைபோடவிருந்த அம்மன்றத்தில் எழுப்பப்படாமலே போயிற்று. விலையைச் செலுத்தியோர் அதனை அறியவும் இல்லை.

கூட்டுக் கலைந்த அதே 1877இல் சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது. அக்கம்பனி 1856இலேயே தொடங்கியிருந்த தவணைமுறைக் கொள்வனவு நமது மத்தியதர, உழைக்கும் குடும்பங்களின் வாழ்வில் இயந்திரத்தைப் புகுத்திய முறையாக நிலைபெற்றது. கண்டியின் தையற்காரரும், வீட்டிலிருந்தே தைத்துப் பிழைத்த பெண்களும் மிதித்த இயந்திரத்தின் பின்னால், அல்பனியிற் கதவடைத்துச் செய்த ஓர் உடன்படிக்கையால் வளர்ந்த மூலதனம் இருந்தது. ஏகாதிபத்தியச் சந்தை துறைமுகத்தில் மாத்திரம் தொடங்குவதன்று.

தையல் இயந்திரத்தின் விலை வசதியைப் பற்றியது. மருந்தின் விலை உயிரைப் பற்றியது. இவ்விடத்திற் கண்டிக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பேராதனை மருத்துவபீடத்திற் பணியாற்றிய மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, பொதுவுடைமை இயக்கத் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இற் சமர்ப்பித்த அறிக்கையின் வழி, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்குதல், உலகளாவிய கேள்விப்பத்திரம் வாயிலாகக் குறைந்த விலையைப் பெறுதல், தேவையற்ற மருந்துகளை நீக்குதல் என்பன அதன் கொள்கைகளாயின. ஏறத்தாழ 2100ஆக இருந்த இறக்குமதி மருந்துவகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன.

1974இல் வாந்திபேதி அச்சம் எழுந்தபோது, கூட்டுத்தாபனம் வேறொரு கம்பனியிடம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளை மாத்திரைகளாக்கித் தருமாறு பைசர் கம்பனியைக் கேட்டது. கம்பனி இணங்கவில்லை. மருந்து அதிக செலவில் வான்வழி தருவிக்கப்பட்டது. அக்கம்பனியைத் தேசியமயமாக்கும் எண்ணமும் அரசியல் அழுத்தத்தின் முன் கைவிடப்பட்டது. இப்பிணக்கு வழக்காக எழவே இல்லை. எழுமுன்னரே, நீதிமன்றத்துக்கு வெளியே, வலியோனுக்குச் சார்பாக அது தீர்ந்தது. பிபிலே 1977 செப்டெம்பரிற் கயானாவிற் காலமானார். அவரது கொள்கை பின்னர் மூன்றாம் உலக நாடுகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று.

மூன்றாமவன் மன்றினுள் நுழையும்போது நிகழ்வது யாது என்பதைத் தென்னாபிரிக்கா காட்டிற்று. மலிவான மருந்தைத் தருவிக்க வழிசெய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, மருந்துக் கம்பனிகள் 1998இல் வழக்குத் தொடுத்தன. விசாரணை 2001 மார்ச்சில் பிரிட்டோரியாவில் தொடங்கியபோது, எயிட்ஸ் நோயாளரின் அமைப்பான சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கம் நீதிமன்றத்தின் நண்பனாக ஏற்கப்பட்டது. விலைகளின் நியாயத்தைப் பற்றி அது முன்வைத்த சத்தியக்கடதாசிகளுக்குக் கம்பனிகள் விடையிறுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரில் 19ஆந் திகதி முப்பத்தொன்பது கம்பனிகளும் வழக்கை மீளப்பெற்றன. இதுவும் தீர்ப்புக்கு முந்திய முடிவே. ஆனால் இங்கு நோயாளி வாயிலில் நிற்கவில்லை; மன்றினுள் நின்றார். அல்பனிக்கும் பிரிட்டோரியாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதற்கு எதிர்மாறான போக்கும் வளர்ந்துள்ளது. உரிமையாளராகிய கம்பனி, தன் உரிமை செல்லாதென வாதிடும் போட்டியாளருக்குத் தானே பணம் கொடுத்து, மலிவான மருந்து சந்தைக்கு வருவதைத் தாமதப்படுத்தும் இணக்கங்கள் அமெரிக்காவிற் பெருகின. மீறியவர் கொடுப்பதற்கு மாறாக, மீறப்பட்டவர் கொடுக்கும் விந்தை இது. இத்தகைய இணக்கங்கள் போட்டியை ஒடுக்குவனவாகக் கருதப்பட்டு விசாரிக்கப்படலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2013இல் அக்டாவிஸ் வழக்கிற் கூறிற்று. மருந்துக் கம்பனிகள் இவ்வாறு இணங்கும்போது உடன்படிக்கையை அரச அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க வேண்டுமென்ற விதி அங்கு 2003இலேயே இயற்றப்பட்டது. முதலாளித்துவத்தின் தலைமை நாடே இணக்கங்களை இருளில் விடலாகாதென உணர்ந்துள்ளமை கவனத்துக்குரியது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் மசோதாவாக இருந்தபோது குடிமக்கள் அதனை உயர் நீதிமன்றத்திற் சவாலுக்குட்படுத்தினர். வறிய நாடுகளுக்குச் சர்வதேச ஒப்பந்தம் அளித்த தணிப்பு ஏற்பாடுகள் மசோதாவில் இடம்பெறாமை, சமத்துவத்தைக் காக்கும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு முரணானதென நீதிமன்றம் கண்டது. மசோதா திருத்தப்பட்டது. சட்டமாக்கத்தின்போது மூன்றாமவனுக்குத் திறந்த கதவு, வழக்கு இணக்கத்தின்போது ஏன் அடைபட்டிருத்தல் வேண்டும் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. அந்நியச் செலாவணி நெருக்கடியே அதன் காரணம். ஆக்கவுரிமை அதற்குக் காரணமென்பது பொருந்தாது. ஆயினும் மருந்துக்குச் செலுத்தும் ஒவ்வொரு டொலரும் அந்த நெருக்கடியின் ஒரு துளி. எங்கோ மூடிய அறையிற் செய்யப்படும் இணக்கத்தால் மலிவான மருந்து ஓராண்டு பிந்தினால், அவ்வோராண்டின் விலையைக் கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் வரிசையில் நிற்போரே செலுத்துவர்.

இணக்க சபைகளையும் (1958), மத்தியஸ்த சபைகளையும் (1988) சட்டத்தால் அமைத்த நாடு நம்முடையது. அவற்றின் பயனை வறியோர் அறிவர். ஆகவே இணக்கத்தைத் தடுப்பது நம் கோரிக்கையன்று. ஆக்கவுரிமை பற்றிய வழக்கு தீர்ப்புக்கு முன் முடியும்போது அதன் நிபந்தனைகள் எவரும் பார்க்கத்தக்க பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும். மருந்து, விதை போன்ற வாழ்வாதாரப் பொருள்களாயின் பயன்படுத்துவோரின் அமைப்புக்கள் நீதிமன்றத்தின் நண்பராக ஏற்கப்படல் வேண்டும். உரிமையின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்தும் சான்று, எதிராளி விலகியதோடு மறைந்துவிடாது பதிவாளரின் பரிசீலனைக்குச் செல்லல் வேண்டும். கம்சபாவ அம்பலத்திலே கூடியது; வழிப்போக்கனும் கேட்கக்கூடியதாயிருந்தது. நிலமானியக் காலத்திலும் இயன்ற அவ்வெளிப்படைத்தன்மை இன்றைய வணிக மன்றுகளுக்கு இயலாதென்பது ஏற்கத்தக்க வாதமன்று.